லிங்கன் நெடுஞ்சாலையில் அயோவாவைக் கடப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிகாகோவிலிருந்து மேற்கே காரில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் 80-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் ஏறி, ஐந்து மணி நேரத்துக்குள் அயோவா மாநிலத்தைத் தாண்டிவிடுகிறார்கள். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "மக்காச்சோளம்" என்பதுதான் பதில். அந்தச் சாலைக்கு வடக்கே வயல்களுக்கும் சிற்றூர்களின் கடைத்தெருக்களுக்கும் நடுவே இன்னொரு சாலை போகிறது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மோட்டார் வண்டிக்கென்றே வகுக்கப்பட்ட முன்னோடிச் சாலையான லிங்கன் நெடுஞ்சாலை அது. அதில் அயோவாப் பகுதி சுமார் 360 மைல். கிழக்கே மிசிசிப்பி நதிக்கரையில் கிளின்டன், மேற்கே மிசௌரி நதிக்கரையில் கவுன்சில் பிளஃப்ஸ். இந்தத் தூரத்தை மூன்று நாளில், முடிந்தால் நான்கு நாளில், பழைய தடம் பிடித்து ஓட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. அது தெரியாமல் போனால் வழியில் தென்படும் பாதிக்கு அர்த்தம் விளங்காது.

இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர், 1912-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கற்சாலை ஒன்று வேண்டும் என்று தொழிலதிபர்களிடம் பேசத் தொடங்கினார். 1913 ஜூலையில் லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கம் அமைந்தது. பேக்கர்ட் கார் நிறுவனத்தின் ஹென்றி ஜாய் அதன் தலைவரானார். செப்டம்பரில் 13 மாநிலங்கள் வழியாக 3,389 மைல் நீளத்துக்குத் தடத்தை அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர, முழுச் சாலையையும் போடுமளவுக்குச் சங்கத்திடம் பணம் இல்லை. ஏற்கெனவே இருந்த வண்டிப்பாதைகளைக் கோத்து, தந்திக் கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டையடித்து, நடுவே 'எல்' என்ற எழுத்தை எழுதினார்கள். பாதையைச் செப்பனிடும் வேலை உள்ளூர்க்காரர்கள் தலையில் விழுந்தது. அயோவாவில் உள்ளூர்க்காரர்கள் என்றால் விவசாயிகள்.

அயோவாவின் கரிசல் உலகின் வளமான மண்களில் ஒன்று. அதே மண் மழை பெய்தால் சக்கரத்தை அச்சு வரை விழுங்கிவிடும். பசைபோல் ஒட்டும் அந்தச் சேற்றுக்கு 'கம்போ' என்று பெயர். மழை வந்தால் தொலைதூரப் பயணிகள் ஊர் விடுதியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். துணிந்து கிளம்பியவர்களைக் குதிரை கட்டி இழுத்துக் கரையேற்ற விவசாயிகள் வர வேண்டியிருந்தது. மழை நின்றதும் சாலையைச் சமன்செய்ததும் அவர்கள்தான். ஒரு மரத்தடியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் இணையாகச் சேர்த்துக் குதிரைகளில் பூட்டி இழுப்பார்கள். மிசௌரி மாநிலத்து வார்ட் கிங் என்ற விவசாயி பரப்பிய முறை இது. வயலில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஈரம் காய்வதற்குள் அடித்தால் மண் இறுகி, தண்ணீர் ஓரத்துக்கு வடியும்; நேரம் தவறினால் அத்தனை உழைப்பும் வீண்.

இதே விவசாயிகளில் பலர் நெடுஞ்சாலையை எதிர்க்கவும் செய்தார்கள். பணக்காரர்கள் கடலுக்குக் கடல் உல்லாசமாகப் போக எங்கள் வரிப்பணமா, எங்களுக்கு வேண்டியது பண்ணையிலிருந்து ரயிலடிக்குப் போகும் சாலை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஃபோர்டு 'மாடல் டி' வந்தபின் விவசாயிகளே கார் வாங்கினார்கள். மக்கள்தொகை விகிதத்தில் கார்கள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் அயோவா முன்னே வந்தது. பிறகு சேறு அவர்களுடைய பிரச்சினையும் ஆனது. 1926-இல் பெயர்ச் சாலைகளுக்கு எண் கொடுத்தபோது அயோவாப் பகுதி யு.எஸ். 30 ஆனது. அதன் பின்னரே இந்தத் தடம் முழுவதும் கான்கிரீட் கண்டது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை சிறந்த காலம். அறுவடை நடக்கும், மழை குறைவு, இலைகள் நிறம் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகிய ஈரமும் மழையும் சேர்ந்து சரளைச் சாலைகளை இளக வைக்கும். ஆகஸ்டில் வயல் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் மக்காச்சோளம் நாற்சந்தியின் நான்கு மூலைகளையும் மறைத்துவிடும். கிராமப்புறச் சந்திகள் பலவற்றில் நிறுத்தப் பலகைகூட இருக்காது. ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து இருபுறமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும். குளிர்காலப் பயணத்தைக் கைவிடுங்கள்.

கிழக்கிலிருந்து மேற்காகப் போவதைச் சொல்லுவேன். பழைய பயணிகள் பெரும்பாலோர் போன திசை அது. மாலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால் காலையில் சீக்கிரம் கிளம்பி, நான்கு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தத் தடம் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. லிங்கன் நெடுஞ்சாலை ஒரே கோடு அல்ல. 1913-இல் அறிவித்த தடம் ஒன்று, ரயில் கடவைகளைத் தவிர்க்கவும் வளைவுகளை நேராக்கவும் 1920-களில் மாற்றிய தடம் இன்னொன்று, யு.எஸ். 30 ஆன பிறகு வந்தது மற்றொன்று. இவை எல்லாவற்றையும் விட்டு ஊருக்கு வெளியே ஓடும் இன்றைய நான்குவழிச் சாலை கடைசி. லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கத்தின் இணைய வரைபடத்தில் வெவ்வேறு காலத்துத் தடங்கள் தனித்தனி நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் ஒரு மாலை முழுவதையும் அந்த வரைபடத்துக்குக் கொடுங்கள். (இப்போதுள்ள சங்கம் 1992-இல் இதே அயோவாவின் ஆக்டன் என்ற சிற்றூரில் கூடி மறுபிறவி எடுத்தது.)

என் விதி எளியது: தளம் போட்டிருந்தால் ஆகப் பழைய தடம், சரளையாக இருந்தால் அன்று வானம் வெளுத்திருந்தால் மட்டும், வெறும் மண் என்றால் எட்ட நின்று பார்த்துவிட்டு அடுத்த தடம்.

அயோவா முழுவதும் பாரம்பரியச் சாலை என்ற பலகைகள் உண்டு. 2021-இல் இதற்குத் தேசிய அளவிலான அங்கீகாரமும் கிடைத்தது. பலகைகளை மட்டும் நம்பிப் போனாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். ஆனால் சில அருமையான பழைய துண்டுகள் விடுபட்டுவிடும்.

கைப்பேசி வழிகாட்டியில் கிளின்டனிலிருந்து கவுன்சில் பிளஃப்ஸ் என்று மொத்தமாகக் கொடுத்தால் அது உங்களை வேகச்சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும். ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கொடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வண்டியைத் தயார் செய்யுங்கள்

சாதாரண கார் போதும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தளமில்லாத சாலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். அப்படியானால் சரளைத் துண்டுகளை விட்டுவிடுங்கள். தளம் போட்ட தடமே மூன்று நாளுக்குத் தாங்கும்.

'லெவல் பி' என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கண்டால் நின்றுவிடுங்கள். குறைந்தபட்சப் பராமரிப்பு மட்டுமே உள்ள சாலை, சொந்தப் பொறுப்பில் நுழையவும் என்பது அதன் பொருள். பெரும்பாலும் அது நூறாண்டுக்கு முந்தைய அதே கரிசல்தான். மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் இழுத்துவிட டிராக்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரளையில் மணிக்கு 35 மைலுக்கு மேல் வேண்டாம். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி அடங்கும் வரை தள்ளியே போங்கள். சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். பெட்ரோல் போடும்போது குழாயின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள்: எத்தனால் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் மாநிலம் இது, 'இ85' என்ற கலவை பல நிலையங்களில் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். அதற்கென வடிவமைத்த வண்டி அல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

படி 4: பழைய தடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்குங்கள்

அயோவாவின் நிலம் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டது. சதுரத்துக்கு 640 ஏக்கர். சாலைகள் அந்தச் சதுரங்களின் விளிம்பிலேயே போடப்பட்டன, யாருடைய வயலையும் குறுக்கே வெட்டவில்லை. அதனால் பழைய லிங்கன் தடம் ஒரு மைல் மேற்கே, செங்குத்தாகத் திரும்பி ஒரு மைல் தெற்கே, மீண்டும் மேற்கே என்று படிக்கட்டாக இறங்கும். காரணமே தெரியாமல் 90 டிகிரியில் ஒரு திருப்பம் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று மகிழுங்கள்.

அடுத்த அடையாளம் ரயில் பாதை. அன்று சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன், இன்று யூனியன் பசிபிக். மாநிலத்தின் பெரும்பகுதியில் சாலை அதை விட்டு அதிக தூரம் விலகுவதில்லை. தொலைவில் வெள்ளைத் தானியக் கோபுரம் தெரிந்தால் அங்கே ரயிலடியும் அதைச் சுற்றி ஓர் ஊரும் இருக்கும். சரக்கு ரயில்கள் இரவும் பகலும் ஓடும் பரபரப்பான பாதை அது. சரளைச் சாலைக் கடவைகள் சிலவற்றில் தடுப்புக் கட்டை கிடையாது, பெருக்கல் குறிப் பலகை மட்டுமே. பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

கான்கிரீட் கற்களையும் தேடுங்கள். 1928 செப்டம்பர் 1 அன்று சாரணச் சிறுவர்கள் நாடு முழுவதும் இந்தச் சாலையோரம் நட்டவை அவை. இடுப்பளவு உயரம், மேலே 'எல்' எழுத்து, லிங்கனின் முகம் பொறித்த வெண்கல வட்டம், திருப்பத்தைக் காட்டும் அம்புக்குறி. சாலையை அகலப்படுத்தியபோது பல பிடுங்கப்பட்டு, வீட்டு முற்றங்களுக்கும் பூங்காக்களுக்கும் இடம் மாறின. ஆகவே கல் நிற்கும் இடம்தான் சாலை ஓடிய இடம் என்று முடிவு கட்டாதீர்கள். ஊருக்குள் 'லிங்கன் வே' என்ற தெருப்பெயர் அதைவிட நம்பகமான சாட்சி.

படி 5: கிளம்புங்கள்

முதல் நாள், கிளின்டன் முதல் சீடர் ராப்பிட்ஸ் வரை. டிவிட், லோடன், கிளாரன்ஸ், மெக்கானிக்ஸ்வில், லிஸ்பன், மவுண்ட் வெர்னன் என்று ஊர்கள் வரிசையாக வரும். லோடனில் 1915-இல் கட்டிய லிங்கன் ஹோட்டல் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். மவுண்ட் வெர்னனுக்கு மேற்கே லின் கவுண்டியில்தான் அயோவாவின் 'நாற்று மைல்' போடப்பட்டது. சிமென்ட் நிறுவனங்கள் இனாமாகக் கொடுத்த சிமென்டில் சேற்றுக்கு நடுவே ஒரே ஒரு மைல் கான்கிரீட். சேற்றில் உழன்று வந்தவன் அந்த ஒரு மைலில் வழுக்கிக்கொண்டு போய் மறுபடி சேற்றில் இறங்கும்போது, மீதிச் சாலையையும் இப்படிப் போடுங்கள் என்று தானே கேட்பான் என்பது சங்கத்தின் கணக்கு. இந்த வரிசையில் முதலாவது 1914-இல் இல்லினாயின் மால்டாவில் போடப்பட்டது.

இரண்டாம் நாள், சீடர் ராப்பிட்ஸ் முதல் ஏம்ஸ் வரை. பயணத்தின் உயிர் இந்த நாளில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பெல் பிளேனில் தகர விளம்பரப் பலகைகளால் போர்த்திய பழைய பிரெஸ்டன் பெட்ரோல் நிலையம் இருக்கிறது. (இதே ஊரில் 1886-இல் தோண்டிய ஆர்ட்டீசியன் கிணறு ஒன்று கட்டுக்கடங்காமல் ஓராண்டுக்கு மேல் பீறிட்டுக்கொண்டிருந்தது.)

அடுத்து டாமா. இங்கே ஐந்தாவது தெருவில் ஒரு சிறுபாலம், 1915-இல் கட்டியது. ஓடையும் சிறியது, பாலமும் சிறியது. காரில் போனால் இரண்டு நொடியில் தாண்டிவிடுவீர்கள். இறங்கி நடந்து பாருங்கள். இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர்களிலும் தூண்களுக்குப் பதிலாக எழுத்துகள் நிற்கின்றன. 'லிங்கன் ஹைவே' என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தும் கான்கிரீட்டில் வார்த்தது; எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஓடை தெரியும். பாதசாரியாகப் பக்கத்தில் நின்றால் எழுத்தின் விளிம்பைக் கையால் தடவலாம். சாலை இன்னும் மண்ணாகவே கிடந்த காலத்தில், தங்கள் ஊர் வழியாக இந்தச் சாலை போகிறது என்ற பெருமையை இப்படி அழியாமல் எழுதிவைத்தார்கள். இந்தச் சாலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

டாமாவுக்கு மேற்கே மெஸ்குவாக்கி மக்களின் குடியிருப்பு. அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலம் அல்ல இது. அயோவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த மக்கள் 1857-இல் சொந்தப் பணம் கொடுத்து இங்கே நிலம் வாங்கித் திரும்பி வந்தார்கள். பிறகு மேலும் மேலும் வாங்கிச் சேர்த்தார்கள். வேளாண் நிலமெல்லாம் குடியேறிகளின் கைக்குப் போன கதையை வழியெல்லாம் பார்த்துவிட்டு வரும்போது இந்த ஒரு துண்டு நிலம் மனத்தில் தங்கும். வீடுகளுக்குள் கேமராவை நீட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மார்ஷல்டவுனில் மதிய உணவு. 1928 முதல் நடக்கும் டெய்லர்ஸ் மெய்ட்-ரைட் கடையில் உதிர்த்த மாட்டிறைச்சி சாண்ட்விச் பிரபலம். சைவர்களுக்கு இந்தப் பாதையில் சிற்றூர் உணவகங்களில் வறுத்த சீஸ் சாண்ட்விச், உருளைக்கிழங்கு, பழப் 'பை' என்ற அளவுக்குத்தான் கிடைக்கும். கையில் புளியோதரை வைத்துக்கொள்வது நல்லது. ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வந்தால் சாலையோரத்தில் விற்கும் இனிப்பு மக்காச்சோளத்தை விடாதீர்கள்.

கோலோவில் கட்டாயம் நிறுத்துங்கள். கனடாவின் வினிபெக்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஓடிய ஜெஃபர்சன் நெடுஞ்சாலையும் லிங்கன் நெடுஞ்சாலையும் குறுக்கிட்ட மூலை இது. ரீட்-நைலண்ட் கார்னர் என்பார்கள். பெட்ரோல் நிலையம், உணவகம், தங்கும் விடுதி மூன்றும் ஒரே வளாகத்தில். 1920-களில் தொடங்கி ஒரே குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்தினார்கள். புதிய 30-ஆம் எண் சாலை விலகிப் போனதும் வியாபாரம் வற்றியது. பின்னர் ஊரே முன்வந்து புதுப்பித்தது. உணவகமும் அறைகளும் எந்த மாதம் எப்படி இயங்குகின்றன என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெவாடா (நெவேடா என்றுதான் உள்ளூரில் சொல்கிறார்கள்) வழியாக ஏம்ஸ் போய்ச் சேருங்கள். அயோவாவின் சாலை ஆணையம் 1904-இல் இங்குள்ள கல்லூரியில் தொடங்கியது. இங்கே பயின்று, இந்த மண்சாலைகளோடு மல்லுக்கட்டிய தாமஸ் மெக்டொனால்டு 1919 முதல் 1953 வரை நாட்டின் சாலைத் துறைக்குத் தலைமை வகித்தார்.

மூன்றாம் நாள், ஏம்ஸ் முதல் கவுன்சில் பிளஃப்ஸ் வரை. இதுதான் நீளமான நாள். நேரம் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பூனுக்கு அருகே டெ மாய்ன் நதிப் பள்ளத்தாக்கு வருகிறது. சமவெளி திடீரென்று மடிந்து இறங்கும். 1881 ஜூலை 6 இரவு, பெருவெள்ளத்தில் ரயில் பாலம் ஒன்று இடிந்துபோக, இந்த ஆற்றின் பாலத்தை இருட்டில் தவழ்ந்து கடந்து அடுத்த ரயிலை எச்சரிக்க ஓடிய கேட் ஷெல்லி என்ற பதின்வயதுப் பெண்ணின் பெயரை இங்குள்ள உயர்ந்த ரயில் பாலம் தாங்கி நிற்கிறது.

ஆக்டன், கிராண்ட் ஜங்ஷன் தாண்டியதும் ஜெஃபர்சன். நீதிமன்றத்தின் முன்னே 1918-இல் வைத்த லிங்கன் சிலை, பக்கத்தில் மணிக்கோபுரம். கோபுரத்தில் ஏறினால் படி 4-இல் சொன்ன சதுரங்கள் கண்ணுக்கு முன் விரியும். அதற்கும் மேற்கே, ஸ்கிரான்டன் அருகே ஒரு திருப்பத்தில் காரை ஓரங்கட்டுங்கள். உள்நாட்டுப் போரில் லிங்கனின் படையில் சண்டையிட்டு, பின்னர் இங்கே பண்ணையாளரான ஜேம்ஸ் மாஸ் 1926-இல் தன் நிலத்தோரம் நிறுவிய இரண்டு லிங்கன் தலைச்சிலைத் தூண்கள் அங்கே நிற்கின்றன. இப்போதுள்ள தலைகள் பிற்காலத்தில் புதிதாகச் செய்தவை. எந்தச் சங்கமும் கேட்கவில்லை, அரசும் ஆணையிடவில்லை. ஒரு விவசாயி தானாகச் செய்த காரியம்.

கேரல், டெனிசன், டன்லாப் என்று வேகமாகக் கடந்து உட்பைனுக்கு வாருங்கள். இங்கே 1921-இல் பதித்த செங்கல் தெரு இன்னும் போக்குவரத்தில் இருக்கிறது, 11 தெருத்துண்டுகளின் நீளத்துக்கு. மெதுவாக ஓட்டினால் சக்கரத்தின் ஓசை மாறுவது கேட்கும். பின்னர் மிசௌரி வேலி. அதைத் தாண்டியதும் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் குன்றுகளை இடப்புறம் வைத்துக்கொண்டு தெற்கே கவுன்சில் பிளஃப்ஸ்.

படி 6: பண்ணை மக்களோடு சாலையைப் பகிருங்கள்

இதைத் தனிப் படியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்குச் சுற்றுலா, அவர்களுக்கு ஆண்டு வருமானம் முழுவதும் அந்தச் சில வாரங்களில். அறுவடைக் காலத்தில் சாலையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு அறுவடை இயந்திரங்கள் வரும். பின்னால் ஆரஞ்சு முக்கோணம் தெரிந்தால் மெதுவாக ஓடும் வண்டி என்று பொருள். இடப்புறம் வயலுக்குள் திரும்பப் போகிறவரை முந்தப் போய் மோதிக்கொள்வது வழக்கமான விபத்து. பொறுத்திருங்கள், இடம் கிடைத்தால் அவரே ஒதுங்கி வழிவிடுவார்.

வயலுக்குள் நுழையும் வாய்களில் காரை நிறுத்தாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. தானிய லாரி எந்த நேரமும் வரும். பன்றிப் பண்ணைக் கொட்டகைகளை நெருங்க வேண்டாம். நோய் பரவாமலிருக்க அங்கே வெளியாட்களை விடுவதில்லை. கதிர் ஒடிப்பது திருட்டு. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினால் அது வணக்கம். நீங்களும் உயர்த்துங்கள். பேச்சுக் கொடுக்க விரும்பினால் மழையைப் பற்றித் தொடங்குங்கள்.

படி 7: ஆற்றைக் கடந்த பிறகு

கவுன்சில் பிளஃப்ஸ் குன்றின் மேல் ஒரு நினைவுத் தூண் உண்டு. 1859-இல் இங்கே வந்த லிங்கன் அந்த உயரத்திலிருந்து மிசௌரிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பசிபிக் ரயில் பாதையின் கிழக்கு முனையாக இந்த இடத்தைப் பின்னர் குறித்தவரும் அவரே. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் ஒமாஹா. கால அவகாசம் இருந்தால் நகரத்தைத் தாண்டி எல்க்ஹார்ன் பக்கம் போங்கள். 1920-இல் பதித்த செங்கல் தளம் சுமார் மூன்று மைல் அங்கே மிச்சமிருக்கிறது, கார்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மழை நாளில் பழைய செங்கல் வழுக்கும், அதனால் வேகம் வேண்டாம்.